மனச்சோர்வுக்கு மாத்திரையா, பேச்சு சிகிச்சையா, இரண்டுமா? தற்கொலை எண்ண எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தயங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

17 வயது மகளுக்கு மனநல மருத்துவர் ஃப்ளூவாக்ஸெடின் 10 மி.கி. எழுதித் தந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அப்பா மருந்தின் பெயரை போனில் தேடுகிறார். சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் தற்கொலை எண்ணத்தை அதிகரிக்கக்கூடும் என்று கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை. எந்தப் பயத்தில் டாக்டரிடம் போனார்களோ, அதே பயம் இப்போது மாத்திரை வழியாகவே வந்து நிற்கிறது. அட்டை பிரிக்கப்படாமல் அலமாரிக்குப் போகிறது. அடுத்த ரிவியூவுக்கும் யாரும் போவதில்லை.

மாத்திரை கொடுக்கலாமா, கவுன்சலிங் மட்டும் போதுமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்ற கேள்விகளெல்லாம் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. பதில் ஆளுக்கு ஆள் மாறும். எதை வைத்து மாறும் என்பதைச் சொல்ல முடியும். எந்த மருந்து என்பதைவிட, முதல் எட்டு வாரம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது பல வீடுகளில் பெரிய கேள்வியாகிவிடுகிறது.

இப்போதே உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்றால் ஒப்பீடெல்லாம் பிறகு. இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னை சினேகா 044-24640050, இலங்கையில் 1926. இவற்றில் ஒன்றை அழையுங்கள். நீங்கள் கூட இருப்பவர் என்றால், அவரைத் தனியாக விடாமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொரு சொல் விளக்கம். பேச்சுவழக்கில் 'மன அழுத்தம்' என்பது வேலை டென்ஷனுக்கும் டிப்ரஷனுக்கும் பொதுவாகிப் போனது. இங்கே மனச்சோர்வு என்பது, இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் கவிந்து கிடப்பது, பிடித்ததிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, எழுந்து குளிப்பதே மலையாகத் தெரிவது என்ற நோய்நிலை.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டிய ஐந்து

### வயது

எச்சரிக்கையின் உயிர்நாடி இதுதான். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003 ஜூனில், 18 வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு பராக்ஸெடின் என்ற மாத்திரை வேண்டாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில், ஃப்ளூவாக்ஸெடின் தவிர இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதையே சொன்னது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் சுமார் 4,400 சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் இருந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரிடமும், வெற்று மாத்திரை (ஒப்பிடுவதற்காகத் தரப்படும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களில் 2 சதவீதத்தினரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ பதிவாகியிருந்தது. அந்த ஆய்வுகளில் தற்கொலையால் ஒருவர்கூட இறக்கவில்லை. 2004 அக்டோபரில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது. 2007-ல் அது 24 வயது வரை நீட்டப்பட்டது.

பெரியவர்களுக்கான கணக்கு 295 ஆய்வுகள், ஏறத்தாழ 77 ஆயிரம் பேர். மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் சிறுவர் கணக்கையும் சேர்த்து இதை ஆயிரம் பேருக்கு இத்தனை என்று போட்டிருப்பார்கள்:

| வயது | வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், மருந்து எடுக்கும் 1000 பேரில் |
|---|---|
| 18-க்குக் கீழ் | 14 பேருக்குக் கூடுதல் |
| 18 முதல் 24 | 5 பேருக்குக் கூடுதல் |
| 25 முதல் 64 | 1 குறைவு |
| 65-ம் அதற்கு மேலும் | 6 குறைவு |

இது எண்ணம், முயற்சி இரண்டையும் சேர்த்த கணக்கு. மரணக் கணக்கு அல்ல. ஆய்வுகளும் பெரும்பாலும் சில வாரங்களே நீண்டவை; ஓராண்டு மருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை இவற்றிலிருந்து கறக்க முடியாது. ஆனாலும் படிக்கட்டுபோல் இறங்கும் இந்த வரிசையைக் கவனியுங்கள். 45 வயது அப்பாவும் 70 வயதுப் பாட்டியும் இந்த எச்சரிக்கையைக் காட்டி மாத்திரையைத் தள்ளிவைப்பதற்கு ஆதாரமே இல்லை. பாட்டிக்கு அது எதிர்த்திசையில் பேசுகிறது.

16 வயதுக்காரருக்கு எச்சரிக்கை மெய். ஆயிரத்தில் பதினான்கு என்பது ஒரு பெரிய பள்ளியில் ஒரு வரிசை பெஞ்ச். அதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் கூடாது, அதற்குப் பயந்து சிகிச்சையையே விடவும் கூடாது.

மருந்துதான் எண்ணத்தைக் கொண்டுவருகிறது என்ற முடிவுக்குத் தாவுமுன் இன்னொரு கணக்கும் தெரிய வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பதிவுகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், தற்கொலை முயற்சிகள் அதிகமாக இருந்தது சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில். தொடங்கிய முதல் மாதத்தில் அதைவிடக் குறைவு, பிறகு இன்னும் குறைவு. மாத்திரையில் தொடங்கியவர்களுக்கும் பேச்சு சிகிச்சையில் தொடங்கியவர்களுக்கும் அதே வடிவம். மனிதர்கள் டாக்டரைத் தேடுவதே அடிமட்டத்தில் இருக்கும்போதுதான். அந்த அடிமட்டத்தின் நிழல் எந்தச் சிகிச்சையின் முதல் வாரங்கள்மீதும் விழும்.

### கடுமை

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை எந்த மனநலப் பிரிவிலும் பார்க்கலாம். மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 லேசானது, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 நடுத்தரத்துக்கு மேல், 20-ம் அதற்கு மேலும் கடுமை. ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. மொத்தம் 8 வந்தாலும் ஒன்பதாவதில் பூஜ்யம் இல்லையென்றால், அந்தத் தாள் 'லேசான' கட்டில் சேராது.

### எண்ணம் எந்தப் படியில்

"தூங்கினா எழுந்திருக்கவே கூடாதுன்னு தோணுது" என்பது ஒரு படி. எப்போது, எப்படி என்று யோசித்து வைத்திருப்பது வேறு படி. அதற்கான ஆயத்தம், முன்பு நடந்த முயற்சி இரண்டும் இன்னும் மேலே. மேல் படிகளில் இருப்பவருக்கு மருந்தா கவுன்சலிங்கா என்று வீட்டில் உட்கார்ந்து எடைபோட நேரமில்லை.

### பைபோலார் வாசனை

மனச்சோர்வு என்று வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு உள்ளே இருப்பது பைபோலார் என்ற இருமுனை நோய்: மனம் சில காலம் சோர்ந்தும் சில காலம் அளவுக்கு மீறி எகிறியும் போவது. அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் எதிர்ப்பக்கம் எகிறும். தூக்கமே தேவைப்படாது, பேச்சு வேகமெடுக்கும், எரிச்சலும் துணிச்சலும் கூடும். சோர்வும் பரபரப்பும் ஒரே நேரத்தில் கலக்கும் நிலைதான் மிக ஆபத்தானது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: முன்பு எப்போதாவது நாலைந்து நாள் தூக்கமில்லாமலே தெம்பாகத் திரிந்தது உண்டா, கண்டபடி செலவு செய்தது உண்டா, தாய்வழி தந்தைவழியில் யாருக்காவது இந்த நோயோ தற்கொலை மரணமோ உண்டா. குடும்ப மானம் கருதி மறைப்பது பெரும்பாலும் இந்தக் கடைசித் தகவலைத்தான். பிரசவத்துக்குப் பிறகு இந்நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் உண்டு.

### பக்கத்தில் யார்

அம்மா வீட்டில் இருக்கிறாரா, பிள்ளை விடுதியில் தனியாகவா, கணவர் வெளிநாட்டிலா? வாரம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க முடியுமா, மாதம் ஒருமுறைதானா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்ன பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## வழி 1: காத்திருந்து கவனிப்பது

யாருக்கு: லேசான சோர்வு, தற்கொலை எண்ணம் அறவே இல்லை, சமீபத்திய இழப்போ தேர்வுத் தோல்வியோ காரணமாகக் கண்ணுக்குத் தெரிகிறது, தினசரி வேலை பெரிதாக நிற்கவில்லை.

காத்திருப்பது என்றால் இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பதற்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பது. அதற்குள் தைராய்டு, ஹீமோகுளோபின், பி-12 ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிடலாம். தைராய்டு சுரப்புக் குறைவு மனச்சோர்வு வேஷத்தில் வரும். தூங்கும் நேரம், நடை, சாப்பாடு ஒழுங்குக்கு வரட்டும்.

மறைந்திருக்கும் செலவு: தேதி குறிக்காத காத்திருப்பு, கைவிடுதல். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை எதிலும் இல்லை. எச்சரிக்கை வந்தபின் அமெரிக்காவில் சிறுவர்களுக்கு மாத்திரை எழுதுவது குறைந்தது, அதற்கு ஈடாகப் பேச்சு சிகிச்சை கூடவில்லை. அதனால் தற்கொலைகள் கூடினவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பிள்ளைகள் சிகிச்சையில்லாமல் நின்றார்கள் என்பதில் சண்டை இல்லை.

## வழி 2: பேச்சு சிகிச்சை மட்டும்

யாருக்கு: லேசானது முதல் நடுத்தரம் வரை, 24 வயதுக்குட்பட்டவர், பைபோலார் சந்தேகம் தீராதவர், கருவுற்றிருப்பதால் மருந்தைத் தவிர்க்க விரும்புபவர்.

முதலில், கவுன்சலிங் என்ற பெயரில் நடக்கும் அறிவுரைக் கச்சேரி இதில் சேராது. "பாசிட்டிவா இரு, யோகா பண்ணு" என்று சொல்வது மட்டும் சிகிச்சை ஆகாது. சான்று உள்ளவை, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி., நின்றுபோன செயல்களைப் படிப்படியாக மறுபடி செய்யவைக்கும் செயலூக்கச் சிகிச்சை போன்ற வரையறுத்த முறைகள். வாரம் ஒருமுறை 45 முதல் 60 நிமிடம், 8 முதல் 16 அமர்வுகள், வீட்டுப்பாடம் உண்டு. இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

நிபுணர் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்பதற்குக் கோவா ஒரு விடை தந்தது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வு செயலூக்கச் சிகிச்சை தரவைத்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது: மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

மறைந்திருக்கும் செலவு: மெதுவாகத்தான் வேலை செய்யும் (கணக்கு கீழே). கட்டணத்தைவிட, வாரம் ஒருநாள் கூலி, பஸ், துணைக்கு வருபவரின் லீவு ஆகியவைதான் மூன்றாவது அமர்வோடு ஆளை நிறுத்துகின்றன. படுக்கையை விட்டு எழ முடியாத அளவு சோர்ந்தவருக்கு வீட்டுப்பாடமே இன்னொரு தோல்வியாகிவிடும்.

## வழி 3: மருந்து மட்டும்

யாருக்கு: 25 வயதைத் தாண்டியவர், நடுத்தரத்துக்கு மேல் கடுமை, முன்பு மருந்தில் தேறியவர், பேச்சு சிகிச்சைக்கு வழியே இல்லாத ஊர்.

2018-ல் 522 ஆய்வுகளை, 1,16,477 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், பெரியவர்களுக்கு 21 மனச்சோர்வு மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. சிறுவர்கள் கதை வேறு. அவர்களில் ஃப்ளூவாக்ஸெடினுக்கு மட்டுமே தெளிவான பயன் என்றது 2016-ல் வந்த இதே போன்ற தொகுப்பு. வென்லாஃபாக்ஸினில் தற்கொலை எண்ணம் கூடியதையும் அது காட்டியது. அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 8 வயது முதல் ஃப்ளூவாக்ஸெடினுக்கும், 12 வயது முதல் எஸிடலோப்ராமுக்கும் அனுமதி உண்டு. பதின்பருவத்தினரின் சீட்டில் பராக்ஸெடினோ வென்லாஃபாக்ஸினோ முதல் மருந்தாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு செர்ட்ராலின், எஸிடலோப்ராம் இரண்டும் வழக்கமான தொடக்கம். பாலூட்டும் தாய்க்கு செர்ட்ராலின் எழுதுவதற்குக் காரணம், தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே போகிறது.

தொடக்க அளவு சிறியது: பதின்பருவத்தினருக்கு ஃப்ளூவாக்ஸெடின் 10 மி.கி., பெரியவர்களுக்கு 20. செர்ட்ராலின் 25 அல்லது 50. எஸிடலோப்ராம் 5 அல்லது 10. பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுமையாக 6 முதல் 8 வாரம். பக்கவிளைவு முதல் நாளே வரும், பலன் மூன்றாம் வாரம் வரும். பாதிப் பேர் நழுவிவிழுவது இந்த இடைவெளியில்தான் என்று எண்ணத் தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு: ஜெனரிக் மருந்து விலை குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசம். செலவு வேறு இடங்களில் இருக்கிறது. முதல் வாரக் குமட்டல், தலைவலி. பாலுறவில் நாட்டக்குறைவு (டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவது அதிகம் இதனால்தான்). 65-ஐத் தாண்டியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம், தடுமாற்றம் வரலாம்; இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை போதும். தினமும் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுப்பவருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ட்ராமடால் என்ற வலி மருந்தோடு சேரவே கூடாது என்பது போல் ஜாக்கிரதை வேண்டும். மது இருக்கும் வீட்டில் இந்தச் சிகிச்சை ஓட்டைப் பானைத் தண்ணீர்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல்: எஸிடலோப்ராமும் க்ளோனாசெபாமும் ஒரே மாத்திரையாகக் கலந்து வருகின்றன. முதலாவது மாதக்கணக்கில் தொடர வேண்டியது. இரண்டாவது பதற்றத்தைத் தணிக்க இரண்டு, நான்கு வாரம் மட்டும் கொடுத்து விலக்க வேண்டியது, நீண்டால் பழக்கமாகும். ஒன்றாகக் கலந்தபின் ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க வழியில்லை. 'மனநல மாத்திரை எல்லாம் தூக்க மாத்திரை, அடிமையாக்கிவிடும்' என்ற பேச்சுக்கும் பாதிக் காரணம் இந்தக் கலவைதான். தனித்தனியாக எழுதித் தரும்படி கேட்கலாம்.

## வழி 4: இரண்டும் சேர்த்து

யாருக்கு: நடுத்தரத்துக்கு மேல் கடுமையுள்ள பதின்பருவத்தினர், தற்கொலை எண்ணம் இருக்கும் எந்த வயதினரும், ஒருமுறை தேறி மறுபடி விழுந்தவர்.

12 முதல் 17 வயது வரையிலான 439 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த டாட்ஸ் ஆய்வை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையின் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள். நான்காவதாக ஒரு குழு வெற்று மாத்திரையில் இருந்தது. 12 வாரத்தில் அதில் தேறியவர்கள் 35 சதவீதம். மற்ற மூன்றும்:

| | சி.பி.டி. மட்டும் | ஃப்ளூவாக்ஸெடின் மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| 12 வாரத்தில் தேறியவர்கள் | 43% | 61% | 71% |
| 36 வாரத்தில் தேறியவர்கள் | 81% | 81% | 86% |
| 36 வாரத்துக்குள் தற்கொலை எண்ணம் அல்லது முயற்சி | 6.3% | 14.7% | 8.4% |

முதல் வரியை மட்டும் படித்தால் மாத்திரை வெல்கிறது. மூன்றாவது வரியை மட்டும் படித்தால் மாத்திரை பயமுறுத்துகிறது. இரண்டாவது வரி, ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தால் எந்தக் கதவு வழியாகப் போனாலும் ஏறத்தாழ ஒரே இடம் என்கிறது. ஆனால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு ஒன்பது மாதம் என்பது ஒரு வாழ்க்கை. சேர்த்துக் கொடுத்தபோது மாத்திரையின் வேகமும் கிடைத்தது, கூடுதல் அபாயத்தின் பெரும்பகுதியும் வடிந்தது. மிக அதிகத் தற்கொலை அபாயத்தில் இருந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதின்பருவத்தினருக்கு இந்த ஒப்பீட்டில் எங்கள் கை இந்த வழிப்பக்கம்தான் சாயும்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு பேரிடம் போக வேண்டும், அந்த இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. மாத்திரை எழுதியவருக்கு அமர்வில் வெளிவந்தது தெரியாது. உளவியலாளருக்கு அளவு கூட்டியது தெரியாது. ஒரே நோட்டில் மருந்து, அளவு, தேதி, அமர்வுக் குறிப்பு எல்லாம் எழுதி இருவரிடமும் நீட்டுவது வீட்டார் வேலை.

## வழி 5: மருத்துவமனை

யாருக்கு: திட்டமோ ஆயத்தமோ இருப்பவர், சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் கிடப்பவர், இல்லாத குரல் கேட்பவர், வீட்டில் கூட இருக்க ஆளில்லாதவர்.

மாத்திரையின் மூன்று வாரத்துக்குக் காத்திருக்க முடியாத நிலையில் வேகமாக வேலை செய்வது, மூளைக்கு மின்தூண்டல் தரும் இ.சி.டி. சினிமா காட்டும் 'கரண்ட் ஷாக்' வேறு, இது வேறு: 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது. விலை, சில நாள் ஞாபகக் குழப்பம். மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமினுக்கு, தற்கொலை எண்ணத்தோடு கூடிய மனச்சோர்வுக்காக அமெரிக்கா 2020-ல் அனுமதி தந்தது. தற்கொலையைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று அதன் தாளிலேயே இருக்கிறது. மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்குப் பழைய ஆய்வுகளில் நல்ல ஆதாரம் உண்டு. 2021-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் நடந்த ஆய்வில் அந்தப் பயன் தென்படவில்லை. ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் விடாமல் பார்க்க முடிந்தவர்களுக்கே லித்தியம்.

## எந்த வழி எடுத்தாலும்: முதல் எட்டு வாரம்

எச்சரிக்கையோடு எஃப்.டி.ஏ. முதலில் சொன்ன அட்டவணை இது: முதல் நான்கு வாரம் வாரம் ஒருமுறை, அடுத்த நான்கு வாரம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 12-ம் வாரம். நம் ஊர் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மாத மாத்திரையைக் கொடுத்து 'அடுத்த மாசம் வாங்க' என்றால், இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். பஸ் பிடிக்க முடியாத வாரங்களில் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கவனிக்க வேண்டியவற்றில் முதலாவதை மருத்துவர்கள் அகதீசியா என்பார்கள். ஆள் உட்கார மாட்டார், கால் நிற்காது, வாசலுக்கும் அறைக்கும் நடை, 'உடம்புக்குள்ள ஏதோ ஓடுது, தோலை உரிச்சிடலாம்போல இருக்கு' என்பார். வீட்டார் இதை 'டென்ஷன் ஜாஸ்தியாயிடுச்சு' என்று நினைப்பார்கள். சில நேரம் டாக்டரும் நோய் முற்றியது என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார். இது மருந்து தரும் வேதனை. மருந்து தொடங்கியோ கூட்டியோ சில நாளில் வந்தது என்று தேதியோடு சொன்னால்தான் பிடிபடும். சரிசெய்யவும் முடியும்: அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, அதை அடக்க வேறொன்று சேர்ப்பது.

மற்றவை: புதிதாகத் தூக்கம் போவது, இதுவரை இல்லாத கோபம், ஆபத்தான துணிச்சல், பிரியமான பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, பல நாள் இருண்டு கிடந்த முகம் காரணமில்லாமல் ஒரே நாளில் அமைதியாவது. 'மனசு தேறுவதற்கு முன் உடம்பில் தெம்பு வந்துவிடுகிறது, அதனால்தான் ஆபத்து' என்று பரவலாகச் சொல்வார்கள். விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை. அகதீசியாவும், பிடிபடாத பைபோலாரும், நோயின் சொந்தப் போக்கும் அதைவிட உறுதியான காரணங்கள்.

கேட்பது எப்படி? நேராக. "சில பேருக்கு இந்த மாதிரி நேரத்துல வாழவே வேண்டாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுதா கண்ணு?" கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆமாம் என்று வந்தால் அழவோ திட்டவோ, 'எங்களை நினைச்சுப் பாத்தியா' என்று கேட்கவோ வேண்டாம். "எப்ப அதிகமாத் தோணுது? இப்ப தோணுதா?" என்று அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாம், மற்றவர்கள் போடுவதும் சேர்த்து, பூட்டுக்குள் போகட்டும். தினசரி வேளையை ஒருவர் கையால் கொடுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் மருந்து வாங்குங்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். ஒரு தாளில், எண்ணம் வரும்போது முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, எந்த எண்ணை அழைப்பது என்று நோயாளி தன் கையெழுத்தில் எழுதி வைக்கட்டும். அமெரிக்க அவசரப் பிரிவுகளில் இந்தத் தாளோடு தொலைபேசித் தொடர்பும் சேர்ந்தபோது, அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பக்கத்தில் ஆள் இருப்பதன் மதிப்புக்கு நமக்கு மிக அருகிலேயே சான்று உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரை உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் பின்தொடர்ந்தது. அவற்றில் சென்னையும் கொழும்பும் உண்டு. பாதிப் பேருக்கு ஒரு மணி நேர உரையாடலும், 18 மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேர்ச் சந்திப்பும். அவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2. புதிய மருந்து எதுவும் அதில் இல்லை.

## ஏற்கெனவே மாத்திரையில் இருக்கிறோம்: நிறுத்துவதா, தொடர்வதா?

எண்ணம் புதிதாக வந்தாலோ கூடினாலோ, அன்றே மருத்துவரை எட்டுங்கள். நீங்களாக நிறுத்துவது இரண்டு வகையில் கெடுக்கும். ஒன்று, விடுபடு தொல்லை: தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்னல் வெட்டுவது போன்ற உணர்வு, சில நாளில் தொடங்கும். பராக்ஸெடினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம். உடலில் நாள்கணக்கில் தங்கி மெல்ல இறங்கும் ஃப்ளூவாக்ஸெடினில் குறைவு. இரண்டு, அளவை இறக்கும் நாட்களும் ஏற்றும் நாட்களைப் போலவே எச்சரிக்கைக்கு உரியவை என்று அந்தக் கறுப்புக் கட்டத்தின் கீழேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. பைபோலார் அறிகுறி, கடும் அகதீசியா போன்ற நிலைகளில் மருத்துவரே உடனே நிறுத்தச் சொல்வார்; அப்போது தயங்க வேண்டாம்.

நன்றாகிவிட்டது என்ற காரணத்துக்காக நிறுத்துவது வேறு கணக்கு. முதல் முறை என்றால் தேறிய பிறகு 6 முதல் 9 மாதம் தொடர்ந்து, பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். பலமுறை வந்தவருக்கு இரண்டு ஆண்டு. குறைக்கத் தொடங்கும் தேதியைத் தேர்வு, கல்யாணம், வேலை மாற்றம் போன்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

விடுதிப் பிள்ளைக்கு மருந்து தொடங்குவதாக இருந்தால், முதல் மாதம் வீட்டில் வைத்துத் தொடங்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாதென்றால் அறைத்தோழரில் ஒருவருக்கும் வார்டனுக்கும், பிள்ளையின் சம்மதத்தோடு, அகதீசியா எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். முதல் ரிவியூ தேதி 7-ம் நாளைத் தாண்டக் கூடாது. அந்தத் தேதியையும் மருத்துவரின் எண்ணையும் மாத்திரை உறையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.